தலைமைக்குத் தகுதி எது?

ஓர் அணியில் பதினொருவர் ஆடுகின்றனர். அவருள் ஒருவரே தலைவர். எவர் பந்து வீசுவது, எவர் எங்கு நிற்பது, எப்போது தாக்குவது, எப்போது காப்பது என்பனவற்றை அவரே முடிவு செய்கிறார். ஏனைய பதின்மரும் அம்முடிவுக்குக் கட்டுப்படுகின்றனர். ஆகவே ஒருவரை அணியில் சேர்ப்பதற்கும் அவரை அணிக்குத் தலைவராக்குவதற்கும் பெரும் வேறுபாடு உண்டு. அணியில் சேர்க்கும்போது அவருடைய கைத்திறனை ஏற்கிறோம். தலைவராக்கும்போது அவருடைய அறிவையும் ஒழுக்கத்தையும் ஏற்று, அவர் சொல்லுக்கு அடங்கி நடக்கவும் இசைகிறோம்.

ஒடுக்கப்பட்ட மக்களின் உழைப்பை எந்தச் சமுதாயமும் வேண்டாமென்று தள்ளியதில்லை. அவர்களுடைய சொல்லுக்குக் கட்டுப்படத்தான் மறுத்து வந்திருக்கிறது. விளையாட்டுக் களத்திலும் இவ்வாறே நிகழ்ந்தது. அந்த மறுப்பு எங்ஙனம் நிலைபெற்றிருந்தது, எங்ஙனம் உடைந்தது என்பதை விளக்கும் இரு வரலாறுகளை நம் இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டும். ஒன்று பம்பாயில் நிகழ்ந்தது. அங்கே தடையாக நின்றது சாதி. மற்றொன்று மேற்கிந்தியத் தீவுகளில் நிகழ்ந்தது. அங்கே தடையாக நின்றது நிறம். இரண்டும் கிரிக்கெட் ஆட்டத்தைப் பற்றியவை.

பூனாத் திடலின் பணியாளர்

பல்வங்கர் பாலு 1876ஆம் ஆண்டு தார்வாரில் பிறந்தார். தோல் தொழிலுக்குரியதெனத் தீண்டத்தகாததாக ஒதுக்கப்பட்ட சம்பார் சாதியில் தோன்றியவர். பூனாவில் பார்சிகள் நடத்திய கிரிக்கெட் திடலில் இளமையிலேயே வேலைக்குச் சேர்ந்தார். திடலைப் பெருக்குவதும் உருளையிட்டுச் சமன் செய்வதும் அவர் பணி. மாதச் சம்பளம் மூன்று ரூபாய். பின்னர் ஐரோப்பியரின் பூனா கிளப்பில் பணி கிடைத்தது. அங்கு வெள்ளை அதிகாரிகள் மட்டை பிடித்துப் பயிற்சி பெறுவதற்காகப் பந்து வீசும் வாய்ப்பும் வந்தது.

இடக்கையால் மெதுவாகச் சுழற்றி வீசும் கலையில் பாலு வல்லவரானார். கிரெய்க் என்னும் புகழ்பெற்ற ஆங்கிலேய ஆட்டக்காரர் நாள்தோறும் அவருடைய பந்துவீச்சை எதிர்த்தே பயிற்சி செய்தார். பல மணி நேரம் பந்து வீசிய பாலுவின் கையில் மட்டையைக் கொடுத்து ஆடச் சொன்னவர் அக்கிளப்பில் எவருமில்லை. பந்து வீசுவது உழைப்பென்றும், மட்டை பிடிப்பது உயர்ந்தோர்க்குரிய கலையென்றும் கருதப்பட்ட காலம் அது.

ஐரோப்பியரை வெல்ல வேண்டும் என்னும் வேட்கை பூனா இந்துக்களுக்கு எழுந்தபோது பாலுவின் நினைவு வந்தது. அவரை அணியில் சேர்த்தனர். களத்தில் பாலு தொட்ட பந்தை மற்றவர்களும் தொட்டனர். ஆனால் தேநீர் இடைவேளையில் அவர் வெளியே நிற்க, மண் குவளையில் தேநீர் ஊற்றப்பட்டது. உணவு தனித் தட்டில், தனி இடத்தில் கொடுக்கப்பட்டது. பந்துக்கு இல்லாத தீட்டு குவளைக்கு மட்டும் எவ்வாறு வந்தது என்று அன்று எவரும் வினவவில்லை.

பின்னர்ப் பாலு பம்பாய்க்குக் குடிபெயர்ந்தார். அங்கிருந்த இந்து ஜிம்கானாவில் அவரைச் சேர்ப்பதற்கு எதிர்ப்பு எழுந்தது. எனினும் அவர் திறமையின் தேவை எதிர்ப்பை வென்றது. 1906ஆம் ஆண்டு இந்துக்களின் அணி ஐரோப்பியரின் அணியை 109 ஓட்டங்கள் வேறுபாட்டில் தோற்கடித்தது. பாலுவும் அவர் தம்பி சிவராமும் அவ்வணியில் ஆடினர். இந்து ஜிம்கானாவின் ஆட்டக்காரர்கள் இவ்விருவருடனும் ஒன்றாக அமர்ந்து உண்டதை இந்தியன் சோஷியல் ரிஃபார்மர் இதழ் பாராட்டி எழுதிற்று. பூனாவின் தனிக் குவளையிலிருந்து பம்பாயின் பொது மேசை வரை வந்த இம்மாற்றம் சிறிதன்று. ஆயினும் மேசையில் இடம் கொடுத்தவர்கள் தலைமையில் இடம் கொடுக்க ஆயத்தமாக இல்லை.

மறுக்கப்பட்ட தலைமை

1911ஆம் ஆண்டு அனைத்திந்திய அணி ஒன்று முதன்முறையாக இங்கிலாந்துக்குச் சென்றது. அதற்குத் தலைவர் பாட்டியாலா மகாராசா பூபிந்தர் சிங். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. பட்டமே அவருக்குத் தலைமையைத் தேடித் தந்தது. அவர் ஆடிய ஆட்டங்களோ மிகச் சில. அரண்மனை விருந்துகளிலும் முடிசூட்டு விழாவிலும் அவர் காலம் கழிந்தது. அணி தோற்ற ஆட்டங்களே மிகுதி. அத்தோல்விகளுக்கு இடையிலும் முப்பத்தைந்து வயதான பாலு அச்சுற்றுப்பயணத்தில் 114 விக்கெட்டுகளைக் கைப்பற்றினார். இங்கிலாந்தின் தேர்ந்த ஆட்டக்காரர்களும் அவர் பந்துவீச்சைப் புகழ்ந்தனர்.

தாயகம் திரும்பிய பாலுவுக்குப் பம்பாயின் ஒடுக்கப்பட்ட மக்கள் வரவேற்பு விழா எடுத்தனர். அப்போது எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்றுகொண்டிருந்த இளைஞர் அம்பேத்கர் அவ்விழாவின் வரவேற்பு மடலை எழுதினார் என்பர். நம் மக்கள் தம்முள் ஒருவரின் புகழைக் கண்டு தலைநிமிர்ந்த நாள்களுள் அதுவும் ஒன்று.

அந்நாளில் இந்துக்கள் அணியில் பாலுவைவிட மூத்தவரோ அனுபவம் மிக்கவரோ இல்லை. அவரைத் தலைவராக்க வேண்டும் என்னும் கோரிக்கை பல முறை எழுந்தது, எழுந்தபோதெல்லாம் தள்ளப்பட்டது. 1913இல் எம். டி. பாய் என்னும் பிராமண ஆட்டக்காரர் தலைவராக்கப்பட்டார். தமக்களிக்கப்பட்ட பாராட்டுக் கூட்டத்திலேயே அவர் எழுந்து, இப்பெருமை மூத்தவரும் அனுபவசாலியுமான பாலுவுக்கே உரியது என்று வெளிப்படையாகக் கூறினார். தம் கைக்கு வந்த பதவியைக் குறித்து இவ்வாறு பேசும் நேர்மை எல்லார்க்கும் வாய்ப்பதன்று. ஆயினும் தேர்வுக்குழுவினர் செவிசாய்க்கவில்லை.

1920ஆம் ஆண்டு இப்பூசல் முற்றியது. நாற்கட்சிப் போட்டியில் பாய் ஆட இயலாமற்போனபோது, பாலுவை அணியிலேயே சேர்க்கவில்லை. தலைமை, பூனாவின் பிராமண ஆட்டக்காரர் தேவதருக்குச் சென்றது. தேவதர் சிறந்த ஆட்டக்காரர் என்பதில் ஐயமில்லை. ஆனால் பாலுவின் தம்பியர் விட்டலும் சிவராமும் அவருக்கு முன்னரே அவ்வணிக்குப் பல ஆண்டுகள் ஆடியவர்கள். இருவரும் ஆட மறுத்து விலகினர். தீண்டத்தகாதோர் எனப்படும் வகுப்பில் பிறந்தமையாலேயே தம் குடும்பத்தார் புறக்கணிக்கப்படுகின்றனர் என்று அறிக்கையும் வெளியிட்டனர். அணியில் இடம் கிடைத்ததே போதும் என்று அவர்கள் அடங்கியிருக்கவில்லை. கிடைத்த இடத்தை இழக்க நேரினும் தன்மானத்தை இழப்பதில்லை என்று துணிந்தனர்.

அத்துணிவு வீண்போகவில்லை. அடுத்த ஆட்டத்திற்குப் பாலு துணைத்தலைவராக அழைக்கப்பட்டார். பாய் வேண்டுமென்றே களத்தைவிட்டுச் சற்று நேரம் வெளியே சென்று, பாலு அணியை நடத்தும்படி செய்தார். பிறர் விட்டுக்கொடுத்த அந்தச் சில நாழிகைகளே பாலுவுக்குக் கிடைத்த தலைமை. 1923ஆம் ஆண்டு தம்பி விட்டல் முறைப்படி அணித்தலைவரானார். அவ்வாண்டே இந்துக்கள் அணி கோப்பையை வென்றது. அண்ணனுக்கு மறுக்கப்பட்டது தம்பிக்குக் கிடைத்தபோது அண்ணனுக்கு வயது நாற்பத்தேழு. ஆடும் பருவம் கடந்துவிட்டது.

பாலுவின் பிற்கால வாழ்வையும் நாம் மறைத்தல் ஆகாது. 1932இல் பூனா ஒப்பந்தத்தில் அம்பேத்கர், எம். சி. இராசா, இரட்டைமலை சீனிவாசன் ஆகியோருடன் பாலுவும் கையெழுத்திட்டார். 1937இல் பம்பாய்ச் சட்டமன்றத் தேர்தலில் காங்கிரசு அவரை அம்பேத்கரை எதிர்த்து நிறுத்தியது. அம்பேத்கர் 13,245 வாக்குகளும் பாலு 11,225 வாக்குகளும் பெற்றனர். பதினொருவர் அணிக்குத் தலைவராகும் தகுதி பாலுவுக்கு இல்லையென்றது மேல்சாதிச் சமுதாயம். அதே சமுதாயத்தின் கண்ணுக்கு, நம் மக்களின் தலைவரை எதிர்த்து நிற்கும் தகுதி மட்டும் அவரிடம் தென்பட்டது. பிறர் தம் தேவைக்காக நமக்கு அளிக்கும் முதன்மை வேறு, நம் தகுதிக்காக அளிக்கப்படும் தலைமை வேறு என்பதை இதனால் அறியலாம். இதைச் சொல்வது பாலுவின் புகழைக் குறைப்பதற்கன்று. 1955இல் மறைந்த அப்பெருமகனை நாடு நெடுங்காலம் மறந்தே இருந்தது. 2002இல் வெளிவந்த இராமச்சந்திர குகாவின் கிரிக்கெட் வரலாற்று நூல் அவர் பெயரை மீண்டும் பலரறியச் செய்தது.

கடலுக்கு அப்பால் நிறத்தின் ஆட்சி

பம்பாயில் சாதி செய்த வேலையை மேற்கிந்தியத் தீவுகளில் நிறம் செய்தது. அத்தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆப்பிரிக்க மக்கள் அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். 1830களில் அடிமைமுறை ஒழிந்த பின்னரும் சமுதாயத்தின் படிநிலை ஒழியவில்லை. மேலே வெள்ளையர், இடையே கலப்பினத்தவர், கீழே கருப்பினத்தவர் என்பதே ஒழுங்கு. திரினிதாதில் கிரிக்கெட் சங்கங்களும் அவ்வாறே அமைந்திருந்தன. குயின்ஸ் பார்க் வெள்ளைச் செல்வர்க்குரியது, மேப்பிள் பழுப்பு நிற நடுத்தர வகுப்பார்க்குரியது, ஷானன் கருப்பின ஆசிரியர், எழுத்தர் போன்றோர்க்குரியது, ஸ்டிங்கோ உழைப்பாளிகளுக்குரியது. நம் ஊர்களின் தெருப் பிரிவினையை அறிந்தவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

மேற்கிந்திய அணி 1928இல் தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடியது. தொடக்கம் முதலே தலைமை வெள்ளையர் கையில் இருந்தது. கருப்பர் ஆற்றல் மிக்கவர், ஆனால் நெருக்கடி வந்தால் நிதானம் இழப்பர், அவர்களை நடத்த வெள்ளையர் ஒருவர் வேண்டும் என்பது அன்றைய கூற்று. லியரி கான்ஸ்டன்டைன் உலகப் புகழ் பெற்ற பல்துறை ஆட்டக்காரர். அவரை ஒரு தொடருக்கும் தலைவராக்கவில்லை. ஜார்ஜ் ஹெட்லி 1939இல் லார்ட்ஸ் திடலில் ஒரே டெஸ்டின் இரு இன்னிங்சிலும் சதம் அடித்தவர். அவருக்கு 1948இல் பார்படோசில் ஒரே ஒரு டெஸ்டில் தலைமை கிட்டியது. அதன் பின்னர் அப்பொறுப்பு மீண்டும் வெள்ளையரிடமே சென்றது.

1950களில் வொரெல், வீக்ஸ், வால்காட் என்னும் மூவர் அணியின் தூண்களாய் நின்றனர். மூவரும் பார்படோசில் பிறந்த கருப்பினத்தவர். இம்மூவரும் அணியில் இருக்கையிலேயே 1955இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான தொடரில் வெள்ளையரான டெனிஸ் அட்கின்சன் தலைவரானார். 1957இல் இங்கிலாந்து சென்ற அணிக்கு ஜான் கோடார்ட் தலைவரானார். இரு தொடர்களிலும் மேற்கிந்திய அணி தோற்றது.

பிராங்க் வொரெல் 1924இல் பிறந்தவர். காமன்வெல்த் அணியில் இடம்பெற்று 1950-51இல் இந்தியாவுக்கு வந்தபோது, தலைவர் லெஸ் ஏம்ஸ் ஆட இயலாத ஆட்டங்களில் அவ்வணியை நடத்தியவர். அவ்வணியில் ஆங்கிலேயரும் ஆடினர். வெள்ளையரை வழிநடத்தும் ஆற்றல் அவர்க்கு உண்டு என்பதற்குச் சான்று பத்தாண்டுகளுக்கு முன்னரே இந்திய மண்ணில் கிடைத்திருந்தது. ஆட்டப் புகழின் உச்சியில் இருக்கையில் இரு டெஸ்ட் தொடர்களை விடுத்து, மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பயின்று பட்டமும் பெற்றார். படிப்பு முடிந்து அணிக்குத் திரும்பி, 1960 சனவரியில் இங்கிலாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 197 ஓட்டங்கள் எடுத்தார். அப்போதும் அவர் ஜெர்ரி அலெக்சாந்தரின் தலைமையிலேயே ஆட வேண்டியிருந்தது. அலெக்சாந்தர் கேம்பிரிட்ஜில் பயின்ற, வெளிர்நிறத்தவரான விக்கெட் காப்பாளர்.

அந்நாளில் திரினிதாதில் 'தி நேஷன்' என்னும் இதழின் ஆசிரியராக இருந்தவர் சி. எல். ஆர். ஜேம்ஸ் என்னும் கருப்பின வரலாற்றறிஞர். அவர் தம் இதழில் வாரந்தோறும் இவ்வினாவை எழுப்பினார். வொரெல் கருப்பர் என்பதற்காக அவரைத் தலைவராக்குங்கள் என்று ஜேம்ஸ் கேட்கவில்லை. இருப்பவர்களுள் தலைசிறந்தவர் அவரே; அவரை விலக்கி நிற்பது நிறம் ஒன்றுதான்; அத்தடையை நீக்குங்கள் என்றே கேட்டார். மக்களின் கருத்து ஜேம்சின் பக்கம் திரண்டது. 1960-61 ஆஸ்திரேலியப் பயணத்திற்கு வொரெல் தலைவராக அறிவிக்கப்பட்டார்.

பிரிஸ்பேனின் கடைசி ஓவர்

1960 திசம்பர் 14. பிரிஸ்பேன் நகரில் முதல் டெஸ்டின் கடைசி ஓவர். அந்நாளில் ஆஸ்திரேலியாவில் ஓர் ஓவருக்கு எட்டுப் பந்துகள். ஆஸ்திரேலியாவுக்கு வேண்டியவை ஆறு ஓட்டங்கள். கையில் மூன்று விக்கெட்டுகள். கருப்பர் நெருக்கடியில் நிதானம் இழப்பர் என்று முப்பதாண்டுகளாகச் சொல்லப்பட்டதே, அதற்குரிய சோதனை அந்த ஓவரில் வந்தது. வொரெல் பதற்றம் காட்டாமல் பந்து வீசிய வெஸ் ஹாலை நிதானப்படுத்தினார். மூன்று விக்கெட்டுகளும் அந்த ஓவரிலேயே வீழ்ந்தன. இரு அணிகளும் 737 ஓட்டங்கள் என்று சமமாய் நின்றன. டெஸ்ட் வரலாற்றில் சமனில் முடிந்த முதல் ஆட்டம் அதுவே.

அம்மூன்று விக்கெட்டுகளும் விழுந்த விதத்தை நோக்க வேண்டும். முதலாவதைப் பிடித்தவர் அலெக்சாந்தர். வொரெலுக்குத் தம் தலைமையை விட்டுக்கொடுத்தவர். இரண்டாவது, கருப்பினத்தவரான கான்ராட் ஹன்ட் தொலைவிலிருந்து எறிந்த பந்தை வாங்கி அலெக்சாந்தரே முடித்தது. மூன்றாவதை நேரே குச்சியில் எறிந்து வீழ்த்தியவர் ஜோ சாலமன். கயானாவின் கரும்புத் தோட்டத்திற்குக் கூலிகளாகச் சென்ற இந்தியரின் வழித்தோன்றல். தீவுக்கொரு பெருமையும் நிறத்துக்கொரு குழுவுமாய்ப் பிரிந்து கிடந்தவர்களை ஓரணியாக்கியதே வொரெலின் தலைமை. முன்னாள் தலைவரான அலெக்சாந்தர் சிறிதும் மனங்கோணாமல் அவருக்குத் துணை நின்று, அத்தொடரில் 484 ஓட்டங்கள் குவித்தார். தகுதியுடைய தலைமையின்கீழ் மற்றவர்களின் திறமையும் வளரும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அத்தொடரை ஆஸ்திரேலியாவே 2-1 என்னும் கணக்கில் வென்றது. ஆயினும் விடைபெறும் நாளில் மெல்போர்ன் வீதிகளில் மாபெரும் மக்கள் கூட்டம் திரண்டு, தோற்ற அணியை வாழ்த்தி வழியனுப்பிற்று. அவ்விரு நாடுகளும் ஆடும் தொடருக்குரிய கோப்பை இன்றும் வொரெலின் பெயரையே தாங்குகிறது. பதினைந்து டெஸ்டுகளில் தலைமை தாங்கி ஒன்பதில் வென்றார் அவர், தோற்றவை மூன்றே.

ஒழுக்கத்திலும் அவர் உயர்ந்து நின்றார். 1962 மார்ச்சில் பார்படோசில் இந்திய அணித்தலைவர் நரி காண்டிராக்டரின் தலையில் பந்து தாக்கி உயிருக்கு ஆபத்து நேர்ந்தபோது, குருதி கொடுக்க முன்வந்தவர்களுள் எதிரணித் தலைவர் வொரெலும் ஒருவர். அந்நன்றியை நினைந்து வங்காளத்தில் அவர் பெயரால் குருதிக்கொடை முகாம்கள் நடைபெறுகின்றன. 1967இல் நாற்பத்திரண்டாம் வயதில் அவர் மறைந்தார். இலண்டன் வெஸ்ட்மினிஸ்டர் தேவாலயத்தில் அவருக்கு நினைவு வழிபாடு நடைபெற்றது. விளையாட்டு வீரர் ஒருவருக்கு அங்கு அச்சிறப்புக் கிடைத்தது அதுவே முதன்முறை.

அவர் திறந்த வாயில் பிறகு மூடப்படவில்லை. அவருக்குப் பின் சோபர்ஸ் தலைவரானார். 1973இல் தோட்டத் தொழிலாளர் வழிவந்த ரோகன் கன்ஹாய் தலைவரானார். கிளைவ் லாயிட் தலைமையில் 1975, 1979 ஆகிய ஈராண்டுகளிலும் உலகக் கோப்பை அவ்வணிக்குக் கிடைத்தது.

நாம் கொள்ள வேண்டியவை

இவ்விரு வரலாறுகளும் நமக்குச் சில உண்மைகளை உணர்த்துகின்றன. தலைமையை மறுப்பவர்கள் சாதியையோ நிறத்தையோ காரணமாக வாய்விட்டுச் சொல்வது அரிது. அனுபவம் போதாது, பழகத் தெரியாது, காலம் கனியவில்லை என்பனவே அவர்கள் கூறும் காரணங்கள். தலைமை தாங்கிக் காட்டினாலன்றித் தலைமைத் திறம் வெளிப்படாது. வாய்ப்பே கொடாமல் திறமைக்குச் சான்று கேட்பது நீந்தக் குளம் தராமல் நீச்சல் தெரியுமோ என வினவுவது போன்றது.

திறமை மட்டும் இருந்தால் நீதி தானே வந்து சேரும் என்றெண்ணுதலும் பிழை. 114 விக்கெட்டுகள் எடுத்த பாலுவுக்கு அது வந்து சேரவில்லை. தம்பியர் இருவர் ஆட மறுத்து நின்றதும், பாய் போன்ற ஒருவர் உண்மையை உரைத்ததும், ஜேம்ஸ் போன்ற ஒருவர் எழுதுகோல் ஏந்தியதும் சேர்ந்தே கதவைத் திறந்தன. எழுதவும் பேசவும் வல்ல கல்வி நம் பிள்ளைகளுக்கு ஏன் வேண்டும் என்பதற்கும் இதுவே விடை. களத்தில் ஆடுபவர் நம்மவராயிருந்தால் மட்டும் போதாது; தேர்வுக்குழுவின் மேசையில் அமர்பவர்களிலும் நம்மவர் இருக்க வேண்டும்.

இறுதியாக, பிறரிடம் நாம் கேட்கும் நீதியை நம்மிடையே நாம் வழங்குகிறோமா என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் ஊர்க் கபடிக் குழுவானாலும், மாணவர் விடுதியின் மன்றமானாலும், சங்கத்தின் செயற்குழுவானாலும், தலைவரைத் தேர்ந்தெடுக்கும்போது உட்பிரிவையும் உறவையும் தெருவையும் பணத்தையும் பார்ப்போமாயின், பாலுவைத் தள்ளி வைத்தவர்களைக் குறைகூறும் உரிமை நமக்கு ஏது? பெண் என்பதற்காக ஒருத்தியைப் பின்வரிசையில் நிறுத்துவதும் அக்குற்றத்தையே சாரும். எவர் ஆட்டத்தை நன்கறிந்தவர், எவர் தம்மினும் அணியைப் பெரிதாகக் கருதுபவர், எவர் சொல்லை மற்றவர் மனமுவந்து கேட்பர் என்னும் மூன்று வினாக்களை மட்டும் கேட்டு நம் தலைவர்களைத் தேர்ந்தெடுப்போம். பாலுவின் திறமையைக் கண்டும் தேர்வுக்குழுவினர் கேட்க மறுத்த வினாக்கள் இவையே.